கம்போடியாவுக்குத் தொண்டூழியப் பயணம்: மாணவர்களும் பெற்றோர்களும் கேட்கும் கேள்விகள்

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினாலே என் கைபேசிக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். சிங்கப்பூரிலிருந்து இளையர் குழுக்களை அழைத்துக்கொண்டு கம்போடியாவின் சியம் ரீப் பகுதிக்கு ஒன்பது முறை போய்வந்திருக்கிறேன். முதல் முறை போனபோது நானே பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. இப்போது வழிநடத்துபவர்களில் ஒருத்தி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். அவை பெரும்பாலும் நான் தவறு செய்து கற்றுக்கொண்டவை.

பத்து நாளில் அங்கே என்னதான் செய்வோம்?

நான்கு அல்லது ஐந்து நாள் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் வேலை. ஒரு நாள் குழந்தைகள் மருத்துவமனை. ஒரு நாள் அங்கோர் கோயில்கள். மீதி நாள்கள் பயணத்திலும், பொருள் வாங்குவதிலும், மழை பெய்தால் காத்திருப்பதிலும் போகும். கம்போடியாவின் அரசுப் பள்ளிகள் பலவற்றில் இடமும் ஆசிரியர்களும் போதாததால் இரண்டு வேளையாக வகுப்பு நடக்கிறது. பாதிப் பிள்ளைகள் காலையில் வருவார்கள், மீதிப் பேர் மதியத்துக்கு மேல். அதனால் உங்கள் அட்டவணையைப் பள்ளிதான் முடிவு செய்யும், நாம் அல்ல.

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாமா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். என் மூன்றாவது பயணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நான்கு மாணவர்கள் இரண்டு வாரம் உட்கார்ந்து பழங்களின் படங்களை வரைந்து, வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்தார்கள். வகுப்பில் முதல் படத்தை எடுப்பதற்குள் பிள்ளைகள் கூட்டாக ஆப்பிள், பனானா, ஆரஞ்சு என்று முழுப் பட்டியலையும் ஒப்பித்துவிட்டார்கள். அந்த ஆண்டில் அந்த வகுப்புக்குப் போன மூன்றாவது குழு நாங்கள். மூன்று குழுவும் பழங்களைத்தான் தேர்ந்தெடுத்திருந்தது. பின்பெஞ்சில் இருந்த ஒரு பையன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை, எங்களை ஏமாற்றிவிடக் கூடாதே என்ற பரிவு அது. இன்னும் மறக்கவில்லை.

ஒரு பாடம் என்பது நேற்று நடந்ததன் தொடர்ச்சி, நாளை நடக்கப்போவதன் தொடக்கம். வாரத்துக்கு ஒரு புது முகம் வந்து அதே முதல் பாடத்தை நடத்தினால், அந்த வகுப்பின் ஆசிரியர் தன் பாடத்தை நிறுத்திவிட்டு ஓரமாக நிற்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளின் கண்முன்னே அவர் சிறியவராகிப் போகிறார். எனவே இப்போது நாங்கள் தனியாக வகுப்பு எடுப்பதில்லை. ஆசிரியர் கேட்டுக்கொண்டால், அவருடைய பாடத்துக்குள் உதவியாளராக உட்காருவோம். உரையாடல் பயிற்சியில் பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்து பேசுவோம். அவ்வளவுதான்.

அப்படியென்றால் எங்களால் அங்கே என்ன பயன்?

நியாயமான கேள்வி. பயன் இருக்கிறது, ஆனால் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் இடத்தில் இருக்காது.

ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் எங்களிடம் கேட்டது மூன்று பொருள்: கை கழுவும் குழாய்கள், நூலக அறைக்கு ஒரு கதவு, அந்த நாட்டின் கெமர் மொழியில் கதைப் புத்தகங்கள். நாங்கள் கொண்டுபோயிருந்ததோ ஆங்கிலப் புத்தகங்கள் இரண்டு பெட்டி. அதற்குப் பிறகு, போவதற்கு மூன்று மாதம் முன்பே பள்ளியிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறோம். குழாய் வேலையை உள்ளூர்க் கொத்தனார் செய்வார். நம் பிள்ளைகள் மணல் சுமப்பார்கள், செங்கல் எடுத்துக் கொடுப்பார்கள். கொத்தனாருக்குக் கூலி உண்டு, அது வரவுசெலவில் முதல் வரி. நாம் இலவசமாகச் சுவர் எழுப்பினால் அந்த ஊரில் ஒருவருடைய வேலை போகிறது. நாம் எழுப்பும் சுவர் நேராக இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

மாலையில் ஆசிரியர்களோடு உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசுவது இன்னொரு நல்ல வேலை. ஓர் ஆசிரியை சரளமாகப் பேசப் பழகிவிட்டால் ஒவ்வொரு ஆண்டும் அவருடைய வகுப்பு முழுவதும் பயன்பெறும். நாம் திரும்பிப் போனாலும் அது அங்கேயே இருக்கும்.

அனாதை இல்லத்துக்குப் போவோமா?

போகமாட்டோம். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

காரணம் சொல்கிறேன். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இத்தகைய இல்லங்களின் எண்ணிக்கை சுமார் 75 விழுக்காடு கூடியது. அனாதைகள் கூடியதால் அல்ல. 2011-ல் யுனிசெஃப் வெளியிட்ட தகவலின்படி, இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். கூடியது சுற்றுலாப் பயணிகளும், உதவ வேண்டும் என்று துடித்த நம்மைப் போன்றவர்களும்தான். வெளிநாட்டார் பார்க்க வருகிறார்கள், பணம் தருகிறார்கள் என்றதும், படிப்பும் சோறும் கிடைக்கும் என்று ஏழைப் பெற்றோரிடம் சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து நிரப்பிய இடங்கள் உண்டு. அதே 2011-ல் ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற தொண்டு நிறுவனம், பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள்கள் அல்லர் என்று ஒரு பிரசாரத்தையே தொடங்கியது.

என் முதல் பயணத்தில் நான் அப்படி ஓர் இல்லத்துக்குப் போயிருக்கிறேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் எங்களுக்காக நடனம் ஆடினார்கள். பிறகு உண்டியல் சுற்றி வந்தது. ஒரு சிறுமி என் மடியில் ஏறி உட்கார்ந்து இறங்கவே இல்லை. என்னை அவளுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துப் பூரித்தேன். முன்பின் தெரியாத ஆளின் மடியில் ஒரு பிள்ளை அப்படி ஒட்டிக்கொள்வது அன்பின் அடையாளமே இல்லை, வாரம் ஒருவராகப் பிரிந்து போய்க்கொண்டே இருப்பதால் வரும் காயம் என்று ஒரு சமூக ஊழியர் பல ஆண்டு கழித்து எனக்கு விளக்கினார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கலாமா?

வார்டுக்குள் போகமாட்டோம். பலூன், பொம்மை, கோமாளி வேடம் எதுவும் வேண்டாம்.

இதைச் சொன்னால் மாணவர்களின் முகம் வாடிவிடும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். சிங்கப்பூரின் கேகே மருத்துவமனையில் உங்கள் தம்பி ஊசி ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறான். வெளிநாட்டிலிருந்து இருபது பேர் ஒரே நிற டிசட்டை போட்டுக்கொண்டு உள்ளே வந்து அவனோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் அம்மா என்ன சொல்வார்? இங்கே நடக்கக் கூடாதது அங்கேயும் நடக்கக் கூடாது. நோய்த்தொற்று இன்னொரு காரணம். உங்களுக்கு வெறும் சளி, உடலில் எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைக்கு அது நுரையீரல் அழற்சியாக மாறலாம்.

மருத்துவம் படிக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கும் இதே விதிதான். இங்கே உங்களை ஊசி போட விடமாட்டார்கள் என்றால் அங்கேயும் போடக் கூடாது.

அப்புறம் எதற்கு மருத்துவமனை? கற்றுக்கொள்ள. மருத்துவமனை அனுமதிக்கும் பகுதியில், அங்குள்ள ஊழியர் ஒருவர் பேசுவார். நாம் கேட்போம். சியம் ரீப்பில் கேட்பதற்கு நிறைய இருக்கிறது. 1999-ல் இரண்டு பெரிய குழந்தைகள் மருத்துவமனைகள் அந்த ஊரில் திறக்கப்பட்டன. ஒன்று, ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் கென்ரோ இசு முயற்சி எடுத்துத் தொடங்கிய அங்கோர் குழந்தைகள் மருத்துவமனை. கோயில்களைப் படம் எடுக்க வந்தவர் அவர். மற்றொன்று சுவிட்சர்லாந்து மருத்துவர் பேயாட் ரிக்னர் நிறுவிய ஏழாம் ஜெயவர்மன் மருத்துவமனை. ரிக்னர் 1974-75-ல் புனோம் பென்னில் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை நகரைப் பிடித்ததும் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. 1990-களின் தொடக்கத்தில் திரும்பி வந்து அதை மீண்டும் எழுப்பினார், மேலும் நான்கைக் கட்டினார், எல்லாவற்றிலும் சிகிச்சை இலவசம். 2018-ல் இறக்கும் வரை அதுவே அவர் வாழ்க்கை.

தம் சியம் ரீப் மருத்துவமனையில் சனிக்கிழமை மாலைகளில் அவர் செல்லோ வாசிப்பார். சுற்றுலாப் பயணிகள் வந்து கேட்பார்கள். இளையவர்களிடம் அவர் இரத்தம் கேட்பார், முதியவர்களிடம் பணம் கேட்பார், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களிடம் இரண்டையும் கேட்பார்.

இரத்த தானம் செய்யலாமா?

வயதும் எடையும் உடல்நிலையும் பொருந்தினால் செய்யலாம். எந்த மருத்துவமனை, எந்த நாள் என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுவோம். உங்களை ஏற்பதா வேண்டாமா என்பதை அங்குள்ள தாதிதான் முடிவு செய்வார். மழைக்காலத்தில் டெங்கி பரவும்போது இரத்தத்துக்கான தேவை ஏறும். 2007, 2012, 2019 ஆண்டுகளில் கம்போடியாவில் டெங்கி கடுமையாகப் பரவியது. டெங்கிக்கென்று தனி மருந்து இல்லை. நீர்ச்சத்தைச் சரியான அளவில் ஏற்றிக்கொண்டே இருப்பதுதான் சிகிச்சை, இரத்தக்கசிவு மிஞ்சிப்போனால் இரத்தம் ஏற்ற வேண்டும்.

பதினெட்டு வயது நிறைந்தவர்கள் மட்டும், அதுவும் பெற்றோரின் கையெழுத்தோடு, என்பது எங்கள் குழுவின் விதி. கொடுக்க முடியாதவர்கள் வருந்த வேண்டாம், யாரையும் யாரும் வற்புறுத்தக் கூடாது. ஊசியைப் பார்த்தாலே பயம் என்று சொன்ன ஒரு மாணவி, கொடுத்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தபடி மூன்று மணி நேரம் நின்றாள்.

படம் எடுக்கலாமா?

பள்ளிக் கட்டடம், வயல், உங்கள் நண்பர்கள், உங்கள் சேறு படிந்த காலணி, எல்லாம் எடுக்கலாம். பிள்ளைகளின் முகம் தெரியும் படம் வேண்டாம். மருத்துவமனை வளாகத்துக்குள் கைபேசியே பையை விட்டு வெளியே வரக் கூடாது.

மிட்டாய், பழைய துணி, பொம்மை கொண்டுவரட்டுமா?

வேண்டாம். பிள்ளைகளின் கையில் நேரடியாக எதையும் கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் கூட்டம் மோதும், சின்னப் பிள்ளை கீழே விழும், கிடைக்காதவன் அழுவான். கொடுக்க வேண்டியது தலைமையாசிரியரிடம் போகும். நாம் ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் தன் கையால் கொடுப்பார். பொருளைக்கூட சியம் ரீப் சந்தையிலேயே வாங்குங்கள். நோட்டுப் புத்தகம் அங்கே மலிவு, கடைக்காரருக்கும் வியாபாரம். பயணப்பெட்டியும் இலேசாக இருக்கும்.

ஒருவருக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகிறதே. அந்தப் பணத்தை அப்படியே பள்ளிக்கு அனுப்பிவிட்டால் என்ன?

ஒரு தந்தை என்னிடம் இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பேசினேன். பணத்தை மட்டும் கணக்குப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. விமானச் சீட்டுக்கும் விடுதிக்கும் போகிற தொகையில் கிணறே வெட்டிவிடலாம்.

ஆகவே பயணச் செலவைத் தொண்டு என்று நான் சொல்வதில்லை, அது உங்கள் படிப்புச் செலவு. உங்கள் பிள்ளை கற்றுக்கொள்ளத்தான் போகிறான். அதனால் பயணச் செலவு வேறு, பள்ளிக்குப் போகும் பணம் வேறு என்று இரண்டு கணக்கு வைத்திருக்கிறோம். முதலாவதைக் குடும்பமும் கல்லூரியும் ஏற்கும். 2000-ஆம் ஆண்டிலிருந்து இளையர்களின் இத்தகைய பயணங்களுக்கு உதவும் திட்டம் ஒன்று சிங்கப்பூரில் உண்டு, அதிலும் விண்ணப்பிக்கலாம். இரண்டாவதற்கு மட்டும்தான் நன்கொடை கேட்போம். இன்னொன்று: வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். சமூக மன்றத்தின் வாசலில் உண்டியலோடு நீங்களாகவே போய் நின்றுவிடாதீர்கள்.

ஒரே ஒரு முறை வந்தால் போதுமா?

நீங்கள் ஒரு முறை வரலாம். குழு ஒரே பள்ளிக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஆண்டுக்கு ஒரு புதுப் பள்ளி என்று நாங்கள் அலைந்த காலத்தில் எங்கேயும் ஒரு குழாய்கூட நிலைக்கவில்லை. பழுதானால் சொல்லக்கூட அவர்களுக்கு ஆள் இல்லை.

என்ன தடுப்பூசி போட வேண்டும்?

புறப்பட ஆறு வாரம் முன்பே பயண மருத்துவரைப் பாருங்கள். கல்லீரல் அழற்சி ஏ, டைஃபாய்டு இரண்டையும் பெரும்பாலும் போடச் சொல்வார்கள். கிராமத்தில் தங்குவதால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வெறிநாய்க்கடி இரண்டைப் பற்றியும் கேளுங்கள். நாயைக் கொஞ்சாதீர்கள், குட்டியாக இருந்தாலும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே என்னிடம் சொல்லுங்கள். திட்டுவேனோ என்று மறைத்துவிடாதீர்கள். கொசுமருந்து பகலிலும் பூச வேண்டும், டெங்கிக் கொசு பகலில்தான் கடிக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. புறப்படும் நாளில் காய்ச்சலோ இருமலோ இருந்தால் உங்களுக்குப் பயணம் இல்லை. கடுமையாகத் தோன்றலாம், ஆனால் நாம் போவது பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு.

பாதுகாப்பாக இருக்குமா?

பெற்றோரின் பெரிய கவலை. மறைக்காமல் சொல்கிறேன். 2025 ஜூலையில் தாய்லாந்து, கம்போடியா எல்லையில் சண்டை மூண்டது. அதனால் வெளியுறவு அமைச்சின் பயண அறிவுரையை முன்பதிவு செய்யும்போதும் புறப்படும் வாரத்திலும் பார்ப்போம். போக வேண்டாம் என்றிருந்தால் பயணம் இரத்து. எல்லாரும் அமைச்சின் இணையப் பதிவில் பெயர் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவோம்.

மற்றபடி எனக்குப் பயம் சாலைதான். மோட்டார்சைக்கிளில் யாரும் ஏறக் கூடாது, இருட்டிய பிறகு நெடுஞ்சாலைப் பயணம் கிடையாது. 2023-ல் திறந்த புது விமான நிலையம் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல், அதனால் பகலில் இறங்கும் விமானமாகவே பார்க்கிறோம். கிராமப்புறத்தில் தடம் விழுந்த பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கக் கூடாது. போர்க்காலக் கண்ணிவெடிகள் முழுவதும் அகற்றப்பட்டுவிடவில்லை.

போவதற்கு முன் அந்த நாட்டின் வரலாறு தெரிந்திருக்க வேண்டுமா?

கட்டாயம். ஏன் பள்ளியில் ஆசிரியர் குறைவு, ஏன் ஊருக்குள் மருத்துவர் இல்லை என்ற கேள்விகளுக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை ஆண்ட கெமர் ரூஜ், பள்ளிகளை மூடியது, நகரங்களைக் காலி செய்தது, படித்தவர்களைத் தேடிக் கொன்றது. பதினைந்து இலட்சத்திலிருந்து இருபது இலட்சம் பேர் வரை மாண்டிருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. புனோம் பென்னில் சித்திரவதைக் கூடமாக இருந்த துவோல் ஸ்லெங், அதற்கு முன்பு ஒரு பள்ளிக்கூடம். ஆசிரியர்களும் மருத்துவர்களும் பெரும்பாலும் அழிந்துபோன ஒரு நாடு, எஞ்சிய சிலரை வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போனால், ஐம்பது பிள்ளைகளைத் தனியாகச் சமாளிக்கும் ஆசிரியை உங்கள் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரிவார்.

இன்னும் பின்னால் போனால் வேறொரு கம்போடியா. அங்கோரில் உள்ள தா புரோம் கோயிலின் 1186-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கெமர் மன்னர் ஏழாம் ஜெயவர்மன் நாடெங்கும் நடத்திய 102 மருத்துவமனைகளைச் சொல்கிறது. தமிழ்நாட்டுத் திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஓர் ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையைப் பற்றிச் சொல்வது நினைவுக்கு வருகிறதா? அதற்குச் சுமார் நூறு ஆண்டுக்குப் பிறகு இது. மருத்துவம் என்பது வெளியிலிருந்து யாரோ கொண்டுபோய்க் கொடுத்ததல்ல என்பதை மாணவர்களுக்குக் காட்டவே அந்தக் கோயிலுக்கு அழைத்துப்போகிறேன்.

கெமர் மொழி தெரியாதே?

சில சொற்கள் போதும். இரு கைகளையும் கூப்பி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, சும் ரீப் சுவோ என்றால் வணக்கம். நமக்குப் பழக்கமான கைகூப்புதான், பெரியவர்களுக்குக் கையைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். அர்குன் என்றால் நன்றி. ஆசிரியர் குரூ, மருத்துவர் குரூ பேத். குரு என்ற சொல் நடந்து நடந்து அவ்வளவு தூரம் போயிருக்கிறது. பள்ளிக்கூடம் சாலா ரியன், நம் பாடசாலையின் சாலைதான் அது. கெமர் எழுத்தே பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது. கரும்பலகையைப் பார்க்கும்போது ஏதோ தெரிந்த எழுத்து போலத் தோன்றி, வாசிக்க முடியாமல் தவிப்பீர்கள்.

பிள்ளைகள் உங்களைப் போங் என்று கூப்பிடுவார்கள். அண்ணன், அக்கா இரண்டுக்கும் அதுவே. யாருடைய தலையையும் தொடாதீர்கள், சின்னப் பிள்ளையாக இருந்தாலும், அங்கே அது மரியாதைக் குறைவு. வகுப்பறைக்குள் போகும் முன் காலணியை வெளியே கழற்றி விடுங்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள், புரஹோக் என்னும் மீன் விழுது பல சமையலில் கலந்திருக்கும். மீன் சாறும் வேண்டாம் என்று கெமர் எழுத்தில் அட்டை எழுதித் தருகிறேன். கிராமத்தில் யாராவது உங்களுக்கென்று சமைத்துவிட்டால் எப்படி மறுப்பது என்பதை முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததிலிருந்து என் மகள் சரியாகப் பேசுவதில்லை. என்ன செய்வது?

பல வீடுகளில் இது நடக்கிறது. வந்த முதல் வாரம், குளிர்பதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள் என்று ஓர் அம்மா சொன்னார். நாம் எவ்வளவு கொடுத்து வைத்தவர்கள் என்று இப்போதாவது புரிந்ததா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கம்போடியப் பிள்ளைகள் நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதற்காக ஏழையாகப் பிறக்கவில்லை. அங்கே யாரைப் பார்த்தாய், அவர் பெயர் என்ன, என்ன சமைத்தார்கள் என்று கேளுங்கள். மெல்லப் பேசுவாள்.

பயணம் முடிந்து மூன்றாவது வாரம் குழு முழுவதும் ஒரு மாலை கூடுவோம். அன்று பள்ளியின் தலைமையாசிரியரோடு காணொளியில் பேசுவோம். கம்போடியா நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால், அதனால் இங்கே இரவு எட்டுக்குத் தொடங்கினால் அவருக்கு ஏழு. எந்தக் குழாய் சொட்டுகிறது, எந்தப் புத்தகத்தை இரவல் வாங்க அடித்துக்கொள்கிறார்கள் என்று அவர் சொல்வார். மகளையும் அனுப்பி வையுங்கள்.